போகிக்கு வந்த பழைய வண்டி

போகியன்று ஊரே பழசைத் தூக்கி வெளியே போடும். கிழிந்த பாய், ஓட்டை முறம், பிள்ளைகள் எழுதித் தீர்த்த நோட்டு என்று எல்லாவற்றையும் வாசலில் குவித்துக் கொளுத்திவிட்டு, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும். அந்த நாளாகப் பார்த்து, பதினாலு அடி நீளத்துக்கு ஒரு பழசை ஜீப்பின் பின்னால் கட்டி வீட்டுக்கு இழுத்துவந்த ஒரே மனுஷி வெள்ளக்கடை ஹேமலதாதான். அதுவும் சாதாரணப் பழசா? கூரையில் அங்கங்கே ஒட்டுப் போட்டிருக்கும், உள்ளே தரை பாதிதான் இருக்கும், ஒரு பக்கச் சுவர் முழுக்க மிளகுக்கொடி ஏறிய தடம் பதிந்திருக்கும். அதற்குக் கேரவன் என்று பெயர்.

கேரவன் என்றால் நம் ஊரில் சினிமா நடிகர்கள் முகத்துக்குப் பவுடர் போடும் வண்டி என்றுதான் நினைப்பு. இது அது இல்லை. அதற்கு எஞ்சின் உண்டு, இதற்குக் கிடையாது. ரெண்டு சக்கரத்தின் மேல் ஒரு சின்ன அறை, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கொக்கி, அவ்வளவுதான். காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு போய், பிடித்த இடத்தில் நிறுத்தி, உள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு வரலாம். எந்தக் காலத்திலோ ஓர் எஸ்டேட் முதலாளி ஆசைப்பட்டு வாங்கிவந்தார். ரெண்டு தடவை வெளியூர் போனாராம். மூன்றாவது தடவை மலைப்பாதை வளைவில் திரும்பாமல் மாட்டிக்கொண்டது. பின்னால் வரிசையாக நின்ற பஸ்காரர்கள் ஆளுக்கு ஒரு வார்த்தை திட்டியதில் மனுஷர் வெறுத்துப்போய் ஷெட்டோரமாகக் கொண்டுவந்து நிறுத்தியவர், பிறகு அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

ஹேமலதா பிறந்தது மலையில் இல்லை, சேலம் கொண்டலாம்பட்டியில், தறிச் சத்தத்துக்கு நடுவே. ஒரே அறை. அதில் பாதியைத் தறி எடுத்துக்கொண்டது, மீதியில் ஏழு பேர். படுத்தால் யார் கால் யார் மேல் கிடக்கிறது என்று தெரியாது. ஜன்னல் ஒன்று இருந்தது, காற்றடித்தால் நூல் பறக்கும் என்று அதையும் சாத்தியே வைத்திருந்தார்கள். இருபது வயதில் ஜீப் டிரைவர் நாச்சிமுத்துவைக் கட்டிக்கொண்டு ஏற்காட்டுக்கு வந்தாள். கல்யாணப் பெண் இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஒன்றுவிடாமல் வாந்தி எடுத்துக்கொண்டு வந்த கதையை நாச்சிமுத்து இன்றைக்கும் ஆள் கிடைத்தால் சொல்வான். “வண்டிய நீங்க ஓட்டுன லட்சணம் அப்பிடி” என்று அவளும் விடமாட்டாள்.

வெள்ளக்கடை வீட்டில் ரெண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கையை நீட்டினால் அவர்கள் சுண்ணாம்பு விரலில் ஒட்டும். வீட்டுக்குப் பின்னால் மட்டும் ஒரு பெரிய பாறை, அதன் மேல் நின்றால் பள்ளத்தாக்கும் அதற்கு அப்பால் சமவெளியும் கண்ணுக்கு எட்டிய மட்டும் தெரியும். அங்கே ஓர் அறை கட்டலாம் என்று புதுப் பெண்ணாக வந்த வருஷமே கேட்டாள். பாறையில் அஸ்திவாரம் தோண்டுவது யார் என்று நாச்சிமுத்து திருப்பிக் கேட்டான். பேச்சு அதோடு நின்றது.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், டவுனில் ஏரியைப் பார்த்தாற்போல் இருக்கும் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குச் சேர்ந்தாள். மகள் இப்போது சேலத்தில் நர்ஸ். ஹேமலதாவுக்கு அந்த ஹோட்டலில் இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. எதையும் மேலிருந்து கீழே துடைத்து, உள்மூலையிலிருந்து கதவை நோக்கி வர வேண்டும் என்பது அவளுக்குக் கையிலேயே ஊறிப்போன பாடம். விரிப்பின் நாலு மூலையையும் அவள் மடித்துச் சொருகினால் கல்யாணப் பத்திரிகை உறை மாதிரி கச்சிதமாக நிற்கும். கலைக்க மனசு வராமல் ஓரமாகப் படுத்துத் தூங்கிவிட்டுப் போன விருந்தாளிகள்கூட உண்டு.

அந்த வேலையில் ஒரு சட்டம் இருக்கிறது. விரிக்கிற கை கட்டிலில் உட்காரக் கூடாது. ஹேமலதா ஒரே ஒரு முறை உட்கார்ந்திருக்கிறாள். பதினோரு வருஷத்துக்கு முன், காய்ச்சலோடு வேலைக்குப் போன ஒரு நாள். பதினாலாம் நம்பர் அறை, கட்டிலை ஒட்டிப் பெரிய ஜன்னல். விரித்து முடித்தபோது ஏரி மேல் மூடியிருந்த பனி மெல்ல விலகிக்கொண்டிருந்தது. கால் தள்ளாடியது. உட்கார்ந்துவிட்டாள். ரெண்டு நிமிஷம் இருக்கும். அப்போது அங்கே மேனேஜராக இருந்த ஒருவர் கதவருகில் வந்து நின்று, “எந்திரிம்மா. நீ உக்கார்றதுக்கா இதை விரிச்சே?” என்றார். கத்தவில்லை, திட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அவள் எழுந்து, தான் உட்கார்ந்த இடத்துக் கசங்கலைக் கையால் நீவிச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தாள்.

அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து மனசுக்குள் ஓர் ஆசை உட்கார்ந்துகொண்டது. ஜன்னலோரமாக ஒரு கட்டில். தன் கையால் விரித்தது. தான் உட்கார்ந்தால் எழுந்திரு என்று சொல்ல ஆளில்லாத இடத்தில். இவ்வளவுதான். கேட்பதற்குச் சின்ன ஆசைதான், ஆனால் நாற்பத்தேழு வயது வரைக்கும் கிடைக்கவில்லை.

இந்த வருஷம் ஜனவரி தொடக்கத்தில், கைமாறிப்போன ஓர் எஸ்டேட் பங்களாவைச் சுத்தம் செய்து கொடுக்கக் கூப்பிட்டார்கள் என்று போனாள். புது முதலாளி அங்கே காட்டேஜ் கட்டப்போகிறார், பழசெல்லாம் காலியாக வேண்டும். குப்பை கொட்டப் போன இடத்தில், ஷெட்டோரம் பச்சைப் புதராக ஒன்று தெரிந்தது. மிளகுக்கொடியை விலக்கிப் பார்த்தால் தகரம். இன்னும் விலக்கினால் கண்ணாடி. புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். ஜன்னலை ஒட்டி, ஒரு கட்டில் போடும் அளவுக்கு இடம் இருந்தது. அஸ்திவாரமே தேவைப்படாத ஓர் அறை சக்கரத்தின் மேல் நின்றது. ஹேமலதாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எஸ்டேட் ரைட்டர் கிங்ஸ்டன் கணக்குப் புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் ஓடினாள்.

“சார், அந்தக் கேரவனை என்ன பண்ணப் போறீங்க?”

“அதையா? அதுக்குள்ள பாம்புகூடக் குடியிருக்காதும்மா.”

“அப்ப காலியாத்தான இருக்குதுங்க. நான் எடுத்துக்கட்டுங்களா?”

கிங்ஸ்டன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “எடுத்துக்கம்மா, எனக்கு ஒரு வேலை மிச்சம். ஆனா ஒண்ணு. போகியன்னிக்குக் காலைல பத்து மணிக்கு இரும்புக்காரங்க லாரி வருது. ஷெட்டுப் பக்கம் கெடக்கறது அத்தனையும் அவங்களுக்குன்னு பேசியாச்சு. பத்து மணிக்கு அது இங்க நின்னா, என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

போகிக்கு ஒன்பது நாள் இருந்தது.

நாச்சிமுத்து கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். “ஏம்புள்ள, இருக்கற ஊட்டைக் கூட்ட நேரமில்லைங்கறே. இதுல சக்கரம் வெச்ச ஊடு வேறயா? எதுக்கு?”

“சும்மாதானுங்க” என்றாள். பதினோரு வருஷத்து ஆசையைச் சும்மா என்று சொல்லத் தெரிந்தவள் அவள்.

முதல் நாளே ஒரு முட்டுக்கட்டை வந்தது. பெயர் மாதம்மாள். எஸ்டேட்டில் முப்பது வருஷமாகக் காப்பிப்பழம் பறிக்கிறவள், வெள்ளக்கடையில்தான் வீடு. ஹேமலதா அரிவாளோடு கொடியிடம் போனதைப் பார்த்து, கூடையைக் கீழே போட்டுவிட்டு வந்தாள்.

“தொட்டேன்னா கையை ஒடிப்பேன் அம்மிணி. அது என்ற மிளகு.”

அந்த எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. மரத்தில் ஏறிய மிளகு எஸ்டேட்டுக்கு. சுவரிலோ கம்பத்திலோ ஏறியது நட்டவருக்கு. எங்கேயும் எழுதிவைத்ததில்லை, எந்த முதலாளியும் மீறியதும் இல்லை. அதனால் அங்கே நட்டுக்கொண்டு நிற்கும் எதன் காலடியிலும் ஒரு மிளகுக்கொடி இருக்கும். நாலு வருஷத்துக்கு முன் மாதம்மாள் கண்ணில் கேரவன் பட்டது. அவளுக்கு அது வண்டியாகத் தெரியவில்லை, சும்மா நிற்கும் நல்ல சுவராகத் தெரிந்தது.

“அக்கா, மிளகைப் பறிச்சுட்டுக் கொடியை எடுத்தா?” என்று ஹேமலதா கெஞ்சினாள்.

“கொத்துக்கு ஒரு மணியாவது செவக்கோணும். பச்சையில பறிச்சா காஞ்சதும் சப்பிப் போயிரும். இன்னும் நாலஞ்சு நாள் ஆகும்.”

“சரிங்கக்கா. நாலஞ்சு நாள் நான் உள்ள வேலையைப் பாக்கறேன். கொடியை அறுக்க மாட்டேன். இதே எடத்துல, வேலியோரமா, ஒரு கல்லுக்கால் நட்டுத் தர்றேன். அதுல ஏத்திக் கட்டிக்கலாம். கம்பத்துல ஏறுனா நட்டவங்களுக்குத்தான?”

மாதம்மாள் வேலியையும் கொடியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, “கல்லுக்கால் ஒசரமா இருக்கோணும்” என்றாள். வேலியோரம் எப்படியும் இடிபடாது என்று கிங்ஸ்டனும் ஒத்துக்கொண்டார்.

ஹோட்டல் வேலை மூன்று மணிக்கு முடியும். முடிந்த கையோடு எஸ்டேட்டுக்கு ஓடுவாள். வண்டியைப் பழுது பார்க்க ஜாபெஸைக் கூப்பிட்டிருந்தாள். டவுனில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன், அதற்கு முன் சங்ககிரியில் பத்து வருஷம் லாரிக்குப் பாடி கட்டியவன். வந்தவன் கேரவனைச் சுற்றிச் சுற்றி வந்து, அங்கங்கே விரலை மடக்கித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டான். “அடிச்சட்டம் நல்லா இருக்குதுங்கக்கா. தகடும் பரவால்ல. உள்ள பலகை எப்பிடின்னு நாளைக்கு வந்து பாக்கறேன். அதுவரைக்கும் ஒண்ணும் பண்ணீராதீங்க.”

ஒன்றும் செய்யாமல் இருக்க ஹேமலதாவால் முடியுமா? இருபத்திரண்டு வருஷப் பழக்கம். ஓர் அறையில் நுழைந்தால் முதல் வேலை கழுவுவதுதான். எஸ்டேட் குழாயில் ரப்பர் ட்யூபை மாட்டி, கூரை மேல் ஆரம்பித்து, உள்ளே சுவர், அலமாரி, தரை என்று மேலிருந்து கீழே, உள்மூலையிலிருந்து கதவு வரைக்கும், குளியலறை கழுவுவது போல் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவித் தள்ளினாள். நாற்பது வருஷ அழுக்கு ஆறாக ஓடியது. பளிச்சென்று ஆன வண்டியைக் கதவோரம் நின்று பார்த்தபோது அவளுக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் ஜாபெஸிடம் பெருமையாகக் காட்ட உள்ளே ரெண்டு அடி எடுத்து வைத்தாள். மூன்றாவது அடிக்குத் தரை இல்லை. ஊறி உப்பிப்போயிருந்த பலகை படக்கென்று உடைந்து, வலது கால் முழங்கால் வரைக்கும் உள்ளே போய், வண்டிக்கு அடியில் தொங்கியது. வெளியே மிளகுக் கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மாதம்மாள், தகரத்துக்குக் கீழே திடீரென்று ஒரு கால் முளைத்ததைக் கண்டு “அய்யோ சாமி” என்று அலறியதில் காப்பிக்காட்டில் இருந்தவர்களெல்லாம் ஓடிவந்தார்கள்.

காலில் சிராய்ப்போடு தப்பித்தாள். ஆனால் அழுகை வந்துவிட்டது. “நானே கெடுத்துட்டனே ஜாபெஸு. நீ சொன்னதைக் கேக்காம கழுவிப்போட்டனே.”

ஜாபெஸ் குந்தி உட்கார்ந்து, உடைந்த பலகையைக் கையில் எடுத்துப் பிசைந்தான். புட்டு மாதிரி உதிர்ந்தது. “அக்கா, இது நேத்து ஊறுனதில்லீங்க. கூரைல ஒழுகி வருசக்கணக்கா உள்ளயே இத்துப்போனது. மேலுக்கு நல்லாத்தான் இருந்திருக்கும். நீங்க கழுவாம வுட்டிருந்தா, நல்ல பலகைன்னு நம்பி இதும்மேலயே கட்டலைப் போட்டிருப்பேன். ஒரு நாள் கட்டலோட நீங்க ரோட்டுக்கு எறங்கியிருப்பீங்க.” அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தாள்.

அதற்குப் பிறகு வேலை பிடித்தது. இற்றுப்போன பலகையைப் பெயர்த்து வெளியே எறிந்தார்கள். தண்ணீர் ஊற்றியதில் எங்கெங்கே ஒழுகுகிறது என்று தானாகவே தெரிந்துவிட்டதால், ஜாபெஸ் கூரை மேல் ஏறி அந்த இடங்களில் மட்டும் தார்ப்பட்டை ஒட்டினான். ஒரு மூலையில் உளுத்துப்போன சட்டத்தை அறுத்துவிட்டு இரும்புக்கோணம் வைத்துப் பற்றவைத்தான். உள்ளே ஓர் அலமாரிக்குப் பின்னால் அணில் கூடு ஒன்று இருந்தது. காலிதான் என்று உறுதிப்படுத்திக்கொள்ளவே ஹேமலதா அரைமணி நேரம் எடுத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் கொத்துக்கொத்தாக மணி சிவந்திருப்பதைப் பார்த்து மாதம்மாள் தலையாட்டினாள். ரெண்டு பேரும் ஏணி போட்டு ஒரு மாலை முழுக்கப் பறித்தார்கள். நாச்சிமுத்து புலம்பிக்கொண்டே ஜீப்பில் ஒரு கல்லுக்காலைக் கொண்டுவந்து இறக்கி, வேலியோரம் குழி தோண்டி நட்டான். கொடியைத் தகரத்திலிருந்து பிரித்து எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஏழெட்டுக் கிளை ஒடிந்தது. ஒவ்வொரு கிளைக்கும் மாதம்மாள் நாச்சிமுத்துவை ஒரு திட்டு திட்டி, ஒடிந்ததை எல்லாம் ஈரச் சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது அவள் ஹேமலதாவின் கையில் ஒரு பிடி பச்சை மிளகைத் திணித்தாள். “ஊறுகா போடு” என்று மட்டும் சொன்னாள்.

போகிக்கு முந்தின நாள், நாலு மணிக்கு வண்டியை நகர்த்துவது என்று முடிவாயிற்று. நாலரையோடு நல்ல நேரம் முடிகிறது. நாச்சிமுத்து இருபத்தேழு வருஷ டிரைவர். எந்த வண்டியானாலும் முதல் முறை நகரும்போது சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்க வேண்டும் அவனுக்கு. எத்தனை பழம் என்பதில் சின்ன விவாதம் வந்தது. சக்கரம் ரெண்டுதான், ஆனால் முன்னால் கொக்கியைத் தாங்குவதற்கு ஒரு குட்டிச் சக்கரமும் இருந்தது. ஜாபெஸிடம் கேட்டார்கள். “நான் சர்ச்சுக்குப் போறவனுங்க, என்னை இழுக்காதீங்க” என்றவன், ஒரு நிமிஷம் கழித்து, “போடறதே போடறீங்க, அதுக்கும் ஒண்ணு வெச்சுருங்க, வருத்தப்படும்” என்றான்.

இந்தப் பஞ்சாயத்தில் மணி நாலே கால். ஜாபெஸ் அவசர அவசரமாக டயரை மாட்டி நட்டை முடுக்கினான். நேரம் போகுது, நேரம் போகுது என்று நாச்சிமுத்து அவன் தலைமேலேயே நின்றான். சூடம் கொளுத்தி, பழம் வைத்து, ஜீப்பில் கொக்கியை மாட்டிக் கிளப்பினான். கேரவன் முக்கியது, முனகியது, நகர்ந்தது. ஆனால் சக்கரம் சுற்றவில்லை. உழுதுகொண்டு இழுபட்டது. ஒரு பழமும் நசுங்கவில்லை. ஒரு டயர் தன் பழத்தை முன்னால் தள்ளிக்கொண்டே போய், ஓரமாகத் துள்ளிவிட, அது பாட்டுக்குச் சரிவில் உருண்டு காப்பிச்செடிகளுக்குள் ஓடி மறைந்தது.

நல்ல நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொண்டிருந்த நாலு பேரில் ஒருவருக்குக்கூடச் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. பிரேக் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது.

“சகுனமே சரியில்லையேம்மா” என்றார் கிங்ஸ்டன். நாச்சிமுத்துவின் முகம் விழுந்துவிட்டது. நசுங்காத பழத்தை அவன் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை. “வுட்டுரலாம் புள்ள. இது வராது. பழமே வேண்டாம்னு ஓடுது.”

ஹேமலதா கேரவன் படியில் உட்கார்ந்தாள். பதினோரு வருஷமாகச் சொல்லாததை அப்போது சொன்னாள். காய்ச்சல், பதினாலாம் நம்பர் அறை, ஏரி மேல் விலகிய பனி, கதவருகே வந்து நின்ற மேனேஜர். “நான் விரிச்ச கட்டலுங்க. என்னை எந்திரின்னு சொன்னாங்க. நானும் எந்திரிச்சுட்டேன். அது எனக்கு இன்னும் ஆறலீங்க.” அழாமல் சொன்னாள்.

“என்றகிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க போயிச் சண்டை புடிப்பீங்க. அப்பறம் வேலை போயிருமுங்க.”

நாச்சிமுத்து சட்டையைக் கழற்றிக் காப்பிச்செடி மேல் போட்டான். மார்கழிக் குளிரில், வெறும் உடம்போடு, ஈரமண்ணில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்து போனான். “ஜாபெஸு, மண்ணெண்ணெய் எடு. சுத்தியல் எடு” என்று குரல் மட்டும் வந்தது. சகுனம் பார்க்கிற மனுஷன் சகுனத்துக்கு அடியிலேயே போய்ப் படுத்துக்கொண்டதை ஹேமலதா அன்றைக்குத்தான் பார்த்தாள். இருட்டுவதற்குள் ஒரு சக்கரம் விட்டுக்கொடுத்தது. மற்றது அசையவில்லை.

போகியன்று விடிந்ததும் மறுபடி போனார்கள். மலை முழுக்கப் புகையும் பனியும் கலந்து கிடந்தது. அடித்தார்கள், மண்ணெண்ணெய் ஊற்றினார்கள், காத்திருந்தார்கள், மறுபடி அடித்தார்கள். ஒன்பது மணிக்குச் சக்கரத்துக்குள் இருந்த பிரேக் டிரம் “ணங்” என்று ஒரு சத்தம் போட்டுக் கழன்றது. ஜாபெஸ் பிரேக் கட்டைகளையே உருவி எடுத்துவிட்டான். சக்கரத்தைக் கையால் சுற்றினால் கடகடவென்று சுற்றியது. இந்த முறை நாலு பேரும் ஆளுக்கு ஒரு தரம் சுற்றிப் பார்த்தார்கள்.

நாச்சிமுத்து புதுப் பழத்தை எடுத்தான். ஹேமலதா தடுத்தாள். காலையிலேயே சரிவில் இறங்கித் தேடி, காப்பிச்செடியின் தூரில் கிடந்ததை எடுத்து வைத்திருந்தாள். ஒரு கீறல்கூட இல்லை. “ஓடிப்போனதையே வைங்க” என்றாள். வைத்தான். ஜீப் நகர்ந்தது, சக்கரம் சுற்றியது, பழம் சப்பென்று நசுங்கிச் சாறு தெறித்தது. நாச்சிமுத்து ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கைதட்டினான். மாதம்மாள் அதற்கும் அவனைத் திட்டினாள்.

பிரேக் இல்லாத வண்டி. இறக்கத்தில் ஜீப்பையே முட்டித் தள்ளும். அதனால் லாரி கிளீனர்கள் செய்வதுபோல், சக்கரத்துக்குப் பக்கத்திலேயே ஒருத்தர் கட்டையோடு நடக்க வேண்டும், வண்டி எகிறினால் குறுக்கே போட வேண்டும். ஜாபெஸ் கட்டையை எடுத்தான். ஹேமலதா அதை வாங்கிக்கொண்டாள். நாலு கிலோமீட்டர், கண்ணைச் சக்கரத்தை விட்டு எடுக்காமல், குனிந்தபடியே நடந்தாள். வழியில் போகிப் புகையில் நின்றவர்கள், “கேரவனு வருது, ஹீரோயினு யாருங்க?” என்று கேட்டார்கள். “கட்டையைத் தூக்கிட்டு நடந்து வருதுங்க” என்று ஜாபெஸ் பதில் சொல்லிக்கொண்டே வந்தான்.

அதற்கு முன், எஸ்டேட் ரோட்டு முனையிலேயே வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. எதிரே இரும்புக்காரர் லாரி. ரோடு ஒரு வண்டிக்கான அகலம்தான். பத்து மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. லாரிக்காரர் தலையை நீட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க, இந்த இரும்பைத்தான நாங்க ஏத்தோணும்?”

ஹேமலதா சக்கரத்துக்குக் கட்டையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். “இது இரும்பில்லீங்க, ஊடு. கொஞ்சம் பின்னால போங்க.”

அவர் அவளைப் பார்த்தார், கையில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தார், ரிவர்ஸ் கியரைப் போட்டார். பெரிய லாரி வளைவு வரைக்கும் பின்னாலேயே போய் ஒதுங்கி நின்று, இந்த டப்பாவுக்கு வழி விட்டது.

மத்தியானம் கேரவன் பாறை மேல் நின்றது, சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, ஜன்னல் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி. இன்னும் எவ்வளவோ வேலை பாக்கி. பாதித் தரை போட வேண்டும், கதவு சாத்தாது, பெயிண்ட் அடிக்க மாசக்கணக்காகும். ஜாபெஸ் ஜன்னலோரமாக மட்டும் நல்ல பலகை ரெண்டைப் போட்டு, நாலு கல்லை அடுக்கி, அதன்மேல் ஒரு பழைய கதவைக் கிடத்தினான். “இப்போதைக்கு இதுதானுங்கக்கா கட்டல்” என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

ஹேமலதா வீட்டிலிருந்து மெத்தையைத் தூக்கிவந்தாள். பீரோவின் அடித்தட்டில் எத்தனையோ வருஷமாகப் பிரிக்காமல் வைத்திருந்த வெள்ளை விரிப்பை எடுத்துவந்தாள். உதறி விரித்தாள். நாலு மூலையையும் மடித்துச் சொருகினாள். தலையணையைத் தட்டி வைத்தாள். ஜன்னல் கண்ணாடியைப் பழைய பேப்பரால் துடைத்தாள். கீழே பள்ளத்தாக்கில் புகை மெல்ல விலகிக்கொண்டிருந்தது.

எல்லாம் முடிந்தது. அவள் ரெண்டடி பின்னால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பதினோரு வருஷம் காத்திருந்த கட்டில் கண்முன்னால் இருக்கிறது. கால் முன்னால் போகவில்லை. விரித்தவள் நிற்க வேண்டும். உடம்பு அப்படித்தான் பழகியிருந்தது.

அப்போது மாதம்மாள் வந்தாள். ஒடிந்த மிளகுக் கிளைகளைச் சுற்றிய சாக்கு கையில், முழங்கால் வரைக்கும் சேறு. இந்த வண்டி காலடியிலும் ஒரு கொடி நடுவதாக அவளே முடிவுசெய்துகொண்டு வந்திருந்தாள்.

“ஜன்னல் பக்கம் மட்டும் வேண்டாங்கக்கா” என்றாள் ஹேமலதா.

“எனக்குத் தெரியாதா?” என்று உள்ளே ஏறிய மாதம்மாள், நேராகப் போய்க் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தாள். வெள்ளை விரிப்பில் சேறு அப்பியது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “ஊரே தெரியுது” என்றாள். பிறகு திரும்பி, கை கட்டி நின்றவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“என்ன அம்மிணி, ஆபீசர் முன்னாடி நிக்கறாப்பல நிக்கறே? உன்ற ஊடுதான? உக்காரு.”

ஹேமலதா உட்கார்ந்தாள். முதலில் ஓரமாக. பிறகு நகர்ந்து, நன்றாகச் சாய்ந்து, காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது, அதைப் புகை என்று சொல்ல அன்றைக்கு வசதியாக இருந்தது. வெளியிலிருந்து நாச்சிமுத்து, “ஏம்புள்ள, டீ போடலியா?” என்று கூப்பிட்டான்.

“இப்ப எந்திரிக்க முடியாதுங்க” என்றாள் அவள். “நீங்களே போட்டுக் கொண்டாங்க.”

அவளுக்குக் கீழே விரிப்பு நாலா பக்கமும் கசங்கிக் கிடந்தது. அதை அவள் நீவவில்லை.